உறவில்லாத சாட்சி

1

ஊர்க் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. கண்ணுக்கு இங்கே ஒப்பரேசன் செய்தாயிற்று. ஆனாலும் என் மச்சானுடைய கையெழுத்துக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. நான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். பிறகு கதிரையை ஹீற்றருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு "இனி வாசி" என்பார். அம்மா லண்டனுக்கு வந்த மூன்று வருடத்தில் இந்த ஒழுங்கு மாறவில்லை.

போன ஐப்பசியில் வந்த கடிதத்திலும் வழக்கமான சங்கதிகள்தான். சரவணையில் மழை பிந்திவிட்டது. எல்லைவேலிச் சண்டை இன்னும் தீரவில்லை. மச்சானின் மூத்தவளுக்குச் சாதகம் பொருந்தி வருகிறது, பையன்தான் கொஞ்சம் கட்டையாம். எல்லாம் முடிந்து, 'இப்படிக்கு' என்று போடும் இடத்துக்குச் சற்று மேலே, இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல ஒரு வரி இருந்தது: 'எங்கடை வளவுப் பாக்கியமும் போன மாசம் மோசம் போயிட்டாள்.' அதையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன்.

கடைசி வரியை மட்டும் திருப்பி வாசிக்கச் சொன்னார் அம்மா. வாசித்தேன்.

அம்மா எழும்பிக் குளியலறைக்குப் போனார். சுடுதண்ணிக் குழாயைத் திறக்காமல் பச்சைத் தண்ணியில் தலை முழுகும் சத்தம் கேட்டது. இந்த நாட்டு ஐப்பசியில் பச்சைத் தண்ணியில் முழுகுவதென்றால் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஈரத் தலையோடு வந்து, நாங்கள் சாமித் தட்டு என்று வைத்திருக்கும் அலுமாரிக்குக் கிட்டப் போகாமல் தள்ளி நின்று, என் மனைவியிடம் சொன்னார்.

"இனி விளக்கை நீ ஏத்து பிள்ளை. எனக்குத் துடக்கு."

சாவுத் துடக்கு ஆருக்கு வரும் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த வீட்டுக்காரர் செத்தால் அழலாம், சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், துடக்குக் காக்க ஏலாது. அது இரத்தத்துக்கு மட்டும் வருவது. என் மனைவி வேலணைக்காரி. அவருக்கு விளங்காமல் இல்லை. நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கடிதத்தை உறைக்குள் வைக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

2

பாக்கியம் எங்கள் வளவுப் பனைகளைச் சீவிய குடும்பத்துப் பெண். அம்மாவைவிட ஒன்றோ இரண்டோ வயது குறைவு. வளவின் தெற்கு மூலையில் ஒரு கொட்டிலில் பிறந்து, அந்தக் கொட்டிலிலேயே கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, கடைசியில் அங்கேயே செத்தும் போனாள். பாருங்கள், என்னை வளர்த்தவர்களில் ஒருத்தி, என் வயதுக்கு இரண்டு மடங்கு மூத்தவள். இன்றைக்கும் எனக்குப் 'போனாள்' என்றுதான் எழுத வருகிறது.

அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் கிணற்றில் தன் கையால் அள்ளியதில்லை. ஆரும் வார்த்துவிட்டால் குடிப்பாள், அதுவும் பனையோலையை மடித்த பிளாவில். அம்மாவை நாச்சியார் என்பாள். என்னை நான் தவழ்ந்த காலத்திலிருந்தே சின்ன நயினார் என்பாள். நானும் அதற்குத் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மாவின் தகப்பனாரைப் பற்றியும் சொல்லவேண்டும். சேலைக்குள் சுற்றி அம்மா கொண்டுவந்த அவருடைய படம் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. சால்வையும் கடுக்கனுமாக, நடுவில் மேடு தட்டி நுனியில் வளைந்த மூக்கோடு கதிரையில் இருக்கிறார். அந்த மூக்கு அம்மாவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. பாக்கியத்துக்கு அப்படியே வந்திருந்தது. பாக்கியத்தின் தாய் எங்கள் வீட்டில் நெல்லுக் குத்தியவள் என்பதற்குமேல் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

ஊரில் இது தெரியாத ஆள் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு எங்கள் ஊரில் மரியாதை என்று பெயர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது கிணற்றடியில் இரண்டு மாமிமார் பிடுங்குப்பட்டார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்து, 'உன்ரை மாமனார் கொட்டிலுக்குள்ளை பெத்த பிள்ளையை முதலிலை மச்சாள் எண்டு கூப்பிடடி' என்று கத்தினாள். பின்னேரமே இரண்டு பேரும் சேர்ந்து புழுக்கொடியல் சப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லை ஆரும் பிறகு எடுக்கவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்குப் பிறகு பாக்கியத்தின் முகத்தை நேரே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

3

எழுபத்தெட்டில் அம்மாவைக் கூட்டிவரவென்று லீவில் போனேன். அப்பா செத்து வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து, அடுப்பு எரிகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிற நிலை. நான் ஒரே பிள்ளை. என்னோடு கூட்டிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

கொழும்பில் விசாவுக்குக் கொடுத்த கடதாசிகளில் ஒரு சிக்கல் வந்தது. அம்மாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தையல்நாயகி. என்னுடையதில் தாயின் பெயர் நாகம்மா. நான் பிறந்தபோது பதியப் போன மாமா, வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தையல்நாயகியும் நாகம்மாவும் ஒரே ஆள்தான் என்று, அம்மாவைச் சின்ன வயதிலிருந்தே அறிந்த, உறவில்லாத ஒருவர் சத்தியக் கடதாசி முடித்துத் தரவேண்டும் என்றார்கள். கேட்டது நியாயம்தான். அவர்களுக்கு என்ன தெரியும், ஆர் நாகம்மா, ஆர் தையல்நாயகி.

முதலில் இளைப்பாறிய தலைமை வாத்தியார் ஒருவரிடம் போனேன். அவர் சந்தோசமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கொழும்பில் அதைப் பார்த்தவர் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நான் அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். 'மேற்படியார் எனக்கு ஒன்றுவிட்ட சகோதரி முறையாவார்' என்று வாத்தியார் தானாகவே சேர்த்திருந்தார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "உறவை இல்லை எண்டு எழுதினால் கொம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பா?" என்றார். கோபிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் உறவைச் சொல்லாமல் விடுவது ஆளை அவமதிப்பது.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க நினைத்துப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக ஒருத்தருக்குள் ஒருத்தர் கட்டின ஊர். கடைக்காரர் மாமன் முறை, விதானையார் பெரியப்பா முறை, கோயில் மணியகாரர் அம்மாவுக்கு மச்சான். தபால் கந்தோரில் இருந்தவர் வெளியூர், அவருக்கு அம்மாவைத் தெரிந்து ஒரு வருடம்கூட இல்லை. அம்மாவைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கவேண்டும், உறவாகவும் இருக்கக்கூடாது. ஊரில் அப்படி ஆர் என்று குசினி வாசலில் நின்று அலுத்துக்கொண்டேன். என் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அடுப்படியில் இருந்த அம்மா அரிசி களையும் அரிக்கன் சட்டியை ஆட்டியபடி, "பாக்கியம் இருக்கிறாள்தானே" என்றார். சொல்லிவிட்டு ஏதோ தவறி விழுந்ததைத் தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார்.

என் புத்திக்கு அது அந்த நேரம் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சட்டப்படி அவள் உறவில்லை. எந்தப் பதிவிலும் இல்லை. இவ்வளவு காலமும் நாங்கள் கட்டிக் காத்ததெல்லாம் இந்த ஒரு நாளைக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

4

ஊர்காவற்றுறையில் ஒரு சமாதான நீதவான் இருந்தார். கத்தோலிக்கர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். அவரைத் தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பஸ்ஸில் அம்மாவும் நானும் முன்னுக்கு இருந்தோம். பாக்கியம் வெள்ளைச் சேலை உடுத்து, தலையை வாரி எண்ணெய் வைத்து, கடைசி ஆசனத்தில் இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்து இடம் ஊர்காவற்றுறை வரை காலியாகத்தான் இருந்தது. நான் அதில் என் குடையை வைத்திருந்தேன்.

நீதவான் நல்ல மனிசன். முன் விறாந்தையில் மூன்று கதிரை போட்டிருந்தது. அம்மாவை இருக்கச் சொன்னார், என்னை இருக்கச் சொன்னார், பிறகு பாக்கியத்தைப் பார்த்து "நீரும் இரும்" என்றார். ஒருவர் அவளை 'நீர்' என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாக்கியம் கதிரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலிக்கிறவள். நான் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள்.

கடதாசியை யாழ்ப்பாணத்தில் இங்கிலிசில் தட்டச்சடித்து வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கேட்டார். இந்த அம்மாவைச் சின்ன வயதிலிருந்து தெரியுமா, இரண்டு பெயரும் இவவின் பெயர்தானா, நான் இவவின் வயிற்றில் பிறந்த பிள்ளைதானா. பாக்கியம் ஒவ்வொன்றுக்கும் "ஓம் ஐயா" என்றாள். நான் பிறந்த அன்றைக்கு மருத்துவிச்சியைக் கூப்பிட ஓடியது தான்தான் என்றும் கேட்காமலே சொன்னாள். நீதவான் தலையாட்டினார். எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரிக்கு வந்தார்.

"உமக்கும் இந்த அம்மாவுக்கும் இரத்த உறவோ கலியாண உறவோ ஏதும் இருக்கோ?"

பாக்கியத்துக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று அவர் திரும்பவும் கேட்டார். அவள் தூணிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுவும் சத்தியத்துக்குள்ளை வருமோ ஐயா?"

"ஓம். எல்லாம் சத்தியந்தான்."

"அப்ப நாச்சியாரைக் கேளுங்கோ."

சாட்சி அவள்தான், அவள்தான் சொல்லவேண்டும் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பாக்கியம் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. நயினை அம்மனுக்குத் தண்ணீர்கூடக் குடியாமல் விரதம் இருக்கிறவள். அந்த ஒரு வரியை இவர் வாசிக்காமல் விட்டிருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தேன். அம்மாவின் கண், அடுப்பு, என் லீவு எல்லாம் அந்த வரியில் வந்து நின்றது. நீதவான் இப்போது என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் எதையாவது விளங்கிக்கொள்வதற்கு முன்னால் ஆராவது பேசவேண்டும்.

அம்மா பேசினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லை ஐயா. இவள் எங்களுக்கு ஒருத்தியுமில்லை."

பாக்கியம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நீதவானைப் பார்த்து, "ஓம் ஐயா. ஒருத்தியுமில்லை" என்று சொல்லிக் கையை நீட்டினாள். அவர் அவளுடைய பெருவிரலில் மையைப் பூசி, பிடித்து, அமர்த்தினார். எனக்கு வந்தது பெரிய நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் நல்லாய்ப் பிந்தி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் குடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னுக்குத் திரும்பிப் பார்த்தார். பாக்கியம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிடவில்லை. சரவணையில் இறங்கி வளவு வாசலில் பிரியும்போது பாக்கியம் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"குளிர் நாடு எண்டு சொல்லுகினம், சின்ன நயினார். நாச்சியாருக்குக் காலிலை ஏதும் போட்டுவிடுங்கோ."

விரலில் மை அப்படியே இருந்தது.

5

விசா கிடைத்தது. அம்மா வந்தார். காலில் கம்பளிச் சப்பாத்தும் போட்டுவிட்டோம்.

இங்கே வந்தபிறகு அம்மா பாக்கியத்தின் பெயரை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பூசை நடக்கிற வாடகை மண்டபத்துக்குப் போவார், தேவாரம் பாடுவார், மற்ற நாட்களில் குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மகள் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பெண், பால்கடைக்காரி, பூசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு அன்ரி. முறை சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று நான் அவளைப் பிடித்துப் பேசுவேன். ஆர் மாமி, ஆர் பெரியம்மா, ஆர் சின்னம்மா என்று கடதாசியில் கீறிக் காட்டியிருக்கிறேன். அந்தக் கீறலிலும் வளவின் தெற்கு மூலை இல்லை.

இந்தத் துடக்கு வந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள், அப்பம்மா ஏன் சாமிக்குக் கிட்டப் போகிறா இல்லை என்று. ஊரில் ஒரு ஆள் செத்துப்போச்சு என்றேன். ஆர் என்றாள். "உமக்குத் தெரியாத ஆள்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ரீவியைப் போட்டாள். இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் உறவில் அக்கறை இல்லை என்று நாங்கள் கூடும் இடமெல்லாம் குறைப்படுகிறோம். அன்றைக்கு எனக்கு அவளுடைய அக்கறையின்மை வசதியாக இருந்தது.

மனைவிக்கு வேறு கவலை. கந்தசட்டி வருகிறது, அம்மா ஆறு நாளும் விரதம் பிடித்து மண்டபத்தில் பாடுகிறவர், வராவிட்டால் ஆட்கள் கேட்பார்கள், என்ன சொல்வது. இரண்டு மூன்று நாளோடு துடக்கைக் கழிக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். கலியாணம் கட்டிப் போன சகோதரிக்கு முறைப்படி அவ்வளவுதான் என்று வாதாடலாம். நான் அம்மாவிடம் போய் அந்தச் 'சகோதரி' என்ற சொல்லைச் சொல்ல மாட்டாமல், "எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"முப்பத்தொண்டு நாளும் முடியட்டும்" என்றார் அம்மா.

6

கந்தசட்டி தொடங்கிய அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. கரவெட்டி அக்கா. மண்டபத்துப் பூசைகளை ஒழுங்கு செய்கிறவர், எங்கள் தீவுப் பக்கத்தை அறியாதவர். அம்மா முந்தின இரண்டு வெள்ளியும் வரவில்லை, இன்றைக்கும் காணவில்லை, என்ன சுகமில்லையோ என்று கேட்டார்.

"சுகம்தான் அக்கா. அம்மாவுக்குத் துடக்கு."

"ஐயோ, ஆர் தம்பி?"

குசினி வாசலில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை, கை மட்டும் நின்றது. மனைவி கண்ணால் என்னைக் கெஞ்சினார். எனக்கு ஊர்காவற்றுறை விறாந்தையும் அந்தத் தூணும் வந்தது. இங்கே கையெழுத்தும் இல்லை, மையும் இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஊரிலை ஒரு ஆள் அக்கா. தூரத்துச் சொந்தம்."

அம்மா எழும்பி வந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"பிள்ளை, தூரமில்லை. என்ரை தங்கச்சி. பாக்கியம் எண்டு பேர். என்ரை அப்புவின்ரை மகள்."

அந்தப் பக்கத்தில் அக்கா ஏதோ கேட்டார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்லைப் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்ட இடத்திலையும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். பிறகு தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டார்.

அக்கா எதையும் துருவிக் கேட்கவில்லை. நாளைக்குப் பின்னேரம் தானும் தன் கணவரும் துக்கம் விசாரிக்க வருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "தம்பி, சின்னம்மாவின்ரை படம் ஒண்டு இருந்தால் எடுத்து வையுங்கோ" என்றார். சரி அக்கா என்று வைத்துவிட்டேன்.

படத்துக்கு எங்கே போவது. ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு அல்பத்தையும் எடுத்து விரித்தேன். என் ஏடு தொடக்கிய படம், அம்மா அப்பாவின் கலியாணப் படம், மாமாமார், அவர்களுடைய கார், பசுமாடு கன்றோடு நிற்கிற படம்கூட இருந்தது. ஒன்றிலாவது பின்னுக்கு எங்கேயாவது நிற்பாளா என்று ஓரமெல்லாம் பார்த்தேன். மகளும் பக்கத்தில் வந்து இருந்து, ஆரைத் தேடுகிறீர்கள் அப்பா என்று கேட்டாள்.

"என்ரை சின்னம்மாவை" என்றேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அதை மூடி வை" என்றார் அம்மா. குசினியிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. முன்னறைச் சுவருக்குப் போய், கால்விரலில் எட்டி நின்று, தகப்பனாரின் படத்தைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, நாளைக்கு ஆட்கள் வந்து இருக்கப்போகிற கதிரைகளுக்கு நேரே சின்ன மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"இதுவே காணும். அவளுக்கும் இதுதான் முகம்."